திண்ணைக் கேள்விகள்: பத்து டாலரா, ஐந்து டாலரா?

(பதில் சொல்பவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். போன இதழில் லிங்கனைப் பற்றி அவர் எழுதிய நாலு வரிக்கு வந்த கடிதங்களில் ஐந்து மட்டும் இங்கே.)

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர் அடிமை முறையால் வரவில்லை, மாநில உரிமைக்காக வந்தது என்கிறார் எங்கள் விரிவுரையாளர். பள்ளியில் வேறு மாதிரி படித்தேன். எது சரி? – கல்லூரி மாணவி, பண்ருட்டி

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் அம்மா. முப்பத்திரண்டு வருஷம் ‘போருக்கான காரணங்கள்’ என்று போர்டில் தலைப்புப் போட்டு, ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு எழுதிப்போட்டவன் நான். ஒன்று பொருளாதாரம், இரண்டு மாநில உரிமை, மூன்று அடிமை முறை... திருத்துவதற்கு வசதி. ஒரு வருஷம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன் எழுந்து, “சார், மூணாவதை அழிச்சிட்டா மத்த நாலும் நிக்குமா?” என்றான். “உட்காருடா” என்றேன். அன்றைக்கு அதுதான் எனக்குத் தெரிந்த பதில்.

மாநில உரிமையை, அதாவது மத்திய அரசு தலையிடாமல் மாநிலமே முடிவு செய்வதை, எடுத்துக்கொள்வோம். 1850-ல், தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் மத்தியச் சட்டம் ஒன்று வந்தது. அடிமை முறை இல்லாத வடக்கு மாநிலங்களுக்கு ஓடி வந்த ஒருவரை ‘இவன் என் ஆள்’ என்று எஜமான் கேட்டால், கமிஷனர் ஒருவர் விசாரிப்பார். ஜூரி கிடையாது. பிடிபட்டவர் தனக்காகச் சாட்சி சொல்ல முடியாது. கமிஷனருக்குக் கூலி கேஸுக்கு இவ்வளவு என்று. ‘அடிமைதான், கொண்டு போ’ என்று எழுதினால் பத்து டாலர். ‘இல்லை, விட்டுவிடு’ என்றால் ஐந்து. அனுப்பி வைப்பதற்குக் காகித வேலை அதிகமாம், அதனால் கட்டணம் அதிகமாம். மையும் காகிதமும் அங்கே அவ்வளவு விலை போலிருக்கிறது.

இந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியது தெற்கு. ‘இது செல்லாது’ என்று 1854-ல் சொன்னது வடக்கே இருந்த விஸ்கான்சின் மாநில நீதிமன்றம். அதே வருஷம் பாஸ்டனில் ஆன்டனி பர்ன்ஸ் என்ற இளைஞரைப் பிடித்துக் கப்பலேற்றத் தெரு முழுக்கச் சிப்பாய்களை நிறுத்தினார்கள். ஜனங்கள் கட்டடங்களில் கறுப்புத் துணி கட்டினார்கள். ஆக, அன்றைக்கு மாநில உரிமை பேசியது வடக்கு, மத்திய அரசின் கையை ஓங்கச் சொன்னது தெற்கு!

1860 டிசம்பர் 20-ம் தேதி தென் கரோலினா நாட்டை விட்டுப் பிரிந்தது. ஏன் பிரிகிறோம் என்று அவர்களே அறிக்கை எழுதினார்கள். வடமாநிலங்கள் ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித் தரவில்லை என்பது அதில் பெரிய புகார். மிசிசிப்பி இன்னும் வெளிப்படை: எங்கள் நிலை அடிமை முறையோடு முழுக்க ஒன்றிப்போனது என்று ஆரம்பத்திலேயே எழுதிவிட்டார்கள். பிரிந்தவர்கள் போட்ட புது அரசியல் சட்டம், அடிமைச் சொத்துரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் இயற்றக் கூடாது என்றது. உங்கள் விரிவுரையாளரோடு வாக்குவாதம் வேண்டாம். அந்த இரண்டு அறிக்கைகளையும் வகுப்பில் வாய்விட்டுப் படிக்கலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

கேள்வி: அடிமை முறை அந்த நாடு பிறந்தபோதே இருந்ததுதானே? எழுபது வருஷம் சும்மா இருந்துவிட்டு 1861-ல் ஏன் வெட்டிக்கொண்டார்கள்? – ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கடலூர் முதுநகர்

சும்மா இருக்கவில்லை ஐயா, தள்ளிப் போட்டார்கள். 1787-ல் எழுதிய அரசியல் சட்டத்தில் ‘அடிமை’ என்ற சொல்லையே காணோம். ‘மற்ற ஆட்கள்’ என்று இருக்கும். மக்கள்தொகைக் கணக்குக்கு மட்டும் அந்த ‘மற்ற ஆட்கள்’ ஐந்து பேரை மூன்று பேராக எண்ணிக்கொள்வார்கள். ஓட்டு அவர்களுக்கு இல்லை, அந்தக் கணக்கில் கிடைத்த கூடுதல் இடங்கள் எஜமானர்களுக்கு. தானாக ஒழிந்துவிடும் என்று நம்பியவர்கள் அப்போது நிறையப் பேர்.

கெடுத்தது பருத்தி. என் அம்மா விளக்குத் திரிக்காக முற்றத்தில் உட்கார்ந்து பருத்திக் கொட்டை எடுப்பார். நகத்தால் கிள்ளி இழுத்தாலும் பஞ்சு கொட்டையை விடாது. மதியம் முழுக்க உட்கார்ந்தால் ஒரு கைப்பிடி தேறும். அமெரிக்காவின் உள்பகுதியில் விளைந்ததும் அப்படி ஒட்டுகிற ரகம்தான். ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு சுத்தம் செய்தால் பெரிய விஷயம். 1793-ல் எலி விட்னி ஒரு பெட்டி செய்தார்: கம்பிப் பல் வைத்த உருளை, கொட்டை நுழையாத சந்து, பஞ்சை வாரிவிட ஒரு பிரஷ். ஐம்பது பவுண்டு அரைத்தது. இயந்திரம் வந்தால் ஆள் தேவை குறையும் என்றுதான் யாரும் நினைப்போம். அரவை சுலபமானதும் எல்லாரும் பருத்தி போட்டார்கள். பறிப்பதற்கு இயந்திரம் இல்லையே! 1790-ல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-ல் 39 லட்சத்தைத் தாண்டினார்கள். 1808-லேயே வெளிநாட்டிலிருந்து ஆள் இறக்குவதைத் தடை செய்தாயிற்று. அதனால் விர்ஜினியாவில் பிறந்த பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து மிசிசிப்பியில் விற்றார்கள்.

பருத்தி மண்ணை உறிஞ்சும், புது நிலம் கேட்கும். சண்டை அங்கேதான். இருக்கிற இடத்தில் ஒழிப்பதா என்பதைவிட, மேற்கே புதிதாகச் சேரும் நிலத்துக்கு அடிமை முறை போகலாமா என்பதுதான் நாட்டைப் பிளந்தது. 1819-ல் அடிமை மாநிலம் 11, மற்றது 11. மாநிலங்களுக்குச் சம இடமுள்ள மேலவையான செனட்டில் தராசு நேராக நின்றது. மிசூரி உள்ளே வரட்டுமா என்றதும் தராசு ஆடியது. 1820-ல் மெய்ன் மாநிலத்தை மறு தட்டில் வைத்து, 36 பாகை 30 கலை அட்சரேகையில் ஒரு கோடு கிழித்து, வடக்கே கூடாது, தெற்கே கூடும் என்று பஞ்சாயத்து முடித்தார்கள். முன்னாள் அதிபர், வயதான ஜெஃபர்சன், ராத்திரியில் தீ மணி அடித்ததுபோல் திடுக்கிட்டேன் என்று கடிதம் எழுதினார். அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

1854-ல் செனட்டர் ஸ்டீஃபன் டக்ளஸ் அந்தக் கோட்டை அழித்தார். குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றார். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! மேற்கே கான்சஸ் பிரதேசத்தில் தேர்தல் நடந்தபோது அடிமை முறை வேண்டுமென்ற மிசூரிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் எல்லை தாண்டி வந்து ஓட்டைக் குத்திவிட்டுப் போனார்கள். கள்ள ஓட்டு நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று பெருமைப்படுகிறவர்கள் கவனிக்கவும். பிறகு அங்கே துப்பாக்கிதான் பேசியது.

1856 மே 22. செனட் மண்டபத்தில் தன் மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த, அடிமை முறையை எதிர்த்துப் பேசிய சார்ல்ஸ் சம்னரை, பிரெஸ்டன் புரூக்ஸ் என்ற தென் கரோலினா உறுப்பினர் கைத்தடியால் அடித்தார். மேஜை தரையோடு திருகாணியால் பொருத்தியது. சம்னர் எழ முயன்ற வேகத்தில் அதைப் பெயர்த்துக்கொண்டு எழுந்து, ரத்தத்தோடு விழுந்தார். தடி உடைந்தது. தெற்கிலிருந்து புரூக்ஸுக்குப் புதுத் தடிகள் பரிசாக வந்தன. சம்னரின் மாநிலமான மாசசூசெட்ஸ் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. குணமாகித் திரும்புகிற வரை ஏறத்தாழ மூன்று வருஷம் அவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. என்னைக் கேட்டால் அந்த நாடு உடைந்தது அன்றைக்குத்தான், மற்றதெல்லாம் பத்திரப்பதிவு.

மறு வருஷம், விடுதலை கேட்டு டிரெட் ஸ்காட் என்ற அடிமை போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டேனி, கறுப்பர் குடிமகனே ஆக முடியாது, புதுப் பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்க அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அதிகாரமே கிடையாது என்றார். இனி சமரசத்துக்குக் கோடு கிழிக்கவும் இடமில்லை. 1859-ல் அடிமை முறையை ஒழிக்கக் கிளம்பிய ஜான் பிரவுன், ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைப் பிடித்துத் தூக்கு மேடை ஏறினார். 1860-ல் நாலு முனைப் போட்டி. லிங்கன் நூற்றுக்கு நாற்பது ஓட்டில் ஜெயித்தார்; தெற்கே பத்து மாநிலங்களில் அவருக்கு ஓட்டுச்சீட்டே இல்லை. இவர் ‘புது நிலத்துக்குப் பரவக் கூடாது’ என்று மட்டுமே சொன்னவர். அதுவே போதுமானதாக இருந்தது.

கேள்வி: முதல் வெடி யாருடையது? – ஒன்பதாம் வகுப்பு மாணவர், நெல்லிக்குப்பம்

தெற்கு. 1861 ஏப்ரல் 12 விடியற்காலை, சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் சம்டர் கோட்டை மேல். முப்பத்து நாலு மணி நேரம் குண்டு பொழிந்தும் அதில் ஒருவரும் சாகவில்லை. சரணடைந்த பிறகு மரியாதைக்குப் பீரங்கி சுட்டபோது விபத்தில் ஒரு சிப்பாய் இறந்தார். அடுத்த நாலு வருஷத்தில் இறந்தவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல்.

கேள்வி: லிங்கன் அடிமைகளை விடுவித்தது கருணையா, தந்திரமா? – வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யார் சொன்னது அம்மா? அடிமை முறையை அவர் எப்போதும் வெறுத்தார். ஆனால் 1862 ஆகஸ்டில் பத்திரிகை ஆசிரியர் ஹோரஸ் கிரீலிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு அடிமையைக்கூட விடுவிக்காமல் நாட்டைக் காப்பாற்ற முடியுமென்றால் அப்படியே செய்வேன், எல்லாரையும் விடுவித்தால்தான் முடியுமென்றால் அதையும் செய்வேன் என்றார். இதை எழுதும்போதே விடுதலைப் பிரகடனத்தின் நகல் அவர் மேஜை டிராயரில் இருந்தது. 1863 ஜனவரி 1-ல் வெளிவந்த அந்தப் பிரகடனம், அடிமை முறை இருந்தும் வடக்கோடு நின்ற டெலாவர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி நாலையும் தொடவில்லை. தந்திரம்தான்.

ஆனால் அவர் கையெழுத்துக்கு யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. வடக்கின் படை எங்கே கூடாரம் போட்டாலும் அடிமைகள் மூட்டையும் பிள்ளையுமாக அங்கே வந்து நின்றார்கள். அவர்களை என்ன செய்வது என்று வாஷிங்டன் முழித்தது. பிறகு சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் கறுப்பர்கள் ராணுவத்தில் சேர்ந்து சண்டை போட்டார்கள். லிங்கனை நகர்த்தியதில் அந்த மூட்டைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சட்டப்படி நாடு முழுக்க ஒழிந்தது 1865 டிசம்பரில், பதிமூன்றாவது திருத்தத்தோடு. பார்க்க லிங்கன் இல்லை.

கேள்வி: அமெரிக்காவை விடுங்கள். நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? – ஆட்டோ ஓட்டுநர், திருப்பாப்புலியூர்

தம்பி, தேவனாம்பட்டினம் பீச்சுக்குச் சவாரி போகிறபோது செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்திருப்பீர்கள். 1690-ல் ஆங்கிலக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து அதை வாங்கினார்கள். விலை பேசியது கோட்டைக்கு மட்டுமல்ல, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழுகிற தூரம் வரை. குண்டு உப்பலவாடி என்ற பெயர் அப்படி வந்ததுதான். அப்போது சென்னை கவர்னர் எலிஹு யேல், பாஸ்டனில் பிறந்தவர். அவர் பிறகு அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குப் புத்தகங்களும் ஒன்பது பொதி சரக்கும் கொடுக்க, 1718-ல் அது யேல் கல்லூரி ஆனது. பருத்திப் பெட்டி செய்த விட்னி அங்கே படித்தவர். அடிமை முறை கெடுதல் அல்ல, நன்மையே என்று செனட்டில் வாதாடிய கால்ஹூனும் அங்கே படித்தவர்தான்.

புதுச்சேரி சமாசாரம் இன்னும் கிட்டத்தில். இங்கே அவுரியில் தோய்த்த நீலத் துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் கினி. ஆப்பிரிக்கக் கரையின் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்குகளில் அதுவும் ஒன்று. இங்கேயே ஆட்களை ஏமாற்றிப் பிடித்துக் கப்பலுக்கு விற்றதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

நம் பக்கம் அடிமை முறைக்கு எதிராகச் சட்டம் போட்டது 1843-ல். விடுதலை என்று யாரும் முரசறையவில்லை. ‘இவன் என் அடிமை’ என்று வழக்குக் கொண்டு வந்தால் கோர்ட் ஏற்காது, அவ்வளவுதான். வாங்குவதும் விற்பதும் குற்றம் என்றது 1860-ன் தண்டனைச் சட்டம். அடிமை என்ற பேர் போனது, கூலிக்குத் தானியம் அளந்து வாங்கும் பண்ணையாளுக்குப் படியாள் என்ற பேர் நின்றது.

எங்கள் தாத்தாவுக்குப் பெண்ணையாற்றுக் கரையில் நிலம். படியாட்கள் இருந்தார்கள். வீட்டுப் பரணில் தானியம் அளக்கிற, பித்தளைப் பூண் போட்ட ஒரு மரக்கால் உண்டு. அடித்தகடு உள்பக்கமாகக் குமிழ்ந்திருக்கும். கீழே விழுந்து நசுங்கியது என்று நினைத்திருந்தேன். பாட்டி ஒருநாள் சொன்னார்: “நசுங்கலைடா, தட்டினது. ஆளுக்கு அளக்கறது அது. குத்தகை வாங்கறது வேற.” உங்கள் கடிதம் வந்த அன்று இறக்கித் துடைத்து, எதிர் வீட்டு மரக்காலோடு வைத்து அரிசி அளந்து பார்த்தேன். மூன்று கைப்பிடி குறைந்தது.