அப்பப்பாவின் பெட்டகத்தில் ஒரு பிஸ்டல்

கேள்வி: மானிப்பாயில் உள்ள எங்கள் பழைய நாற்சார் வீட்டைத் திருத்தியபோது, அப்பப்பாவின் பெட்டகத்தின் அடித்தட்டில் எண்ணெய்த் துணியில் சுற்றிய கைத்துப்பாக்கி ஒன்றும் ஏழு ரவைகளும் கிடைத்தன. அப்பப்பா மலையகத் தோட்டமொன்றில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். அதே பெட்டகத்தில் 1950களின் துப்பாக்கி அனுமதிப்பத்திரம் ஒன்றும் இருக்கிறது. படம் எடுத்து ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கு அனுப்பினேன். அது கனடாவில் செய்த பிரவுணிங் ஹை பவர், மதிப்புள்ளது, விட்டுவிடாதே என்கிறார். மூன்று வாரங்கள் ஆகின்றன. என் பெயரில் அனுமதி எடுக்கலாமா? கழகம் ஒன்றில் சேர்ந்து சுட்டுப் பார்க்கலாமா? முடியாவிட்டால் அண்ணா வரும்போது பகுதி பகுதியாகக் கழற்றிக் கொண்டுபோகலாமா?

பதில்: மூன்று கேள்விக்கும் பதில் 'முடியாது' என்பதுதான். ஆனால் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த மூன்று வாரங்கள்.

உடைமை என்று சட்டம் சொல்வதற்கு இரண்டு பக்கம் உண்டு. பொருள் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அது இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். பெட்டகத்தைத் திறக்கும்வரை உங்களுக்கு எதுவும் தெரியாது, ஆகவே குற்றமும் இல்லை. துணியை அவிழ்த்துப் பார்த்து, திரும்பச் சுற்றி, பெட்டகத்தைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்ட அந்த நிமிடத்திலிருந்து கதை வேறு. மறுநாளே பொலிஸுக்கு அறிவித்த ஒருவரை எந்த நீதவானும் ஐயத்தோடு பார்க்கமாட்டார். மூன்று வாரம் வைத்திருந்து, விலையும் விசாரித்தவருக்கு விளக்கம் சொல்லவேண்டி வரும். மூன்று மாதம் ஆகிவிட்டால் அந்த விளக்கத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது அதன்படி குற்றம். 1996 இல் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்து, தானியங்கித் துப்பாக்கிகளுக்கு ஆயுள்தண்டனை வரை போனது. உங்களிடம் இருப்பது அரைத் தானியங்கி. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு ரவைதான் போகும். அது எந்த வகை என்பதை அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை சொல்லட்டும். நீங்களாக வாக்குமூலத்தில் 'ஆட்டோமேட்டிக் பிஸ்டல்' என்று எழுதிக் கொடுத்து விடாதீர்கள். படத்தில் பார்த்ததை அப்படியே சொல்லி, பெயர் வைக்கும் வேலையைப் பகுப்பாய்வாளரிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் துப்பாக்கி என்றதும் பொலிஸாருக்கு முதலில் நினைவு வருவது உங்கள் அப்பப்பா அல்ல, போர். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் சட்டபூர்வ அதிகாரமின்றிச் சுடுகலனோ ரவையோ வைத்திருப்பதற்கு 5 முதல் 20 ஆண்டு வரை சிறை உண்டு. உங்கள் விடயம் அங்கே போக வேண்டிய நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் வீடு திருத்திய மேசன் யாரிடமாவது சொல்லி, பொலிஸார் உங்கள் வீட்டுக்கு வந்து கண்டெடுப்பதற்கும், நீங்களே அவர்களை அழைப்பதற்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரியது.

அந்தப் பழைய அனுமதிப்பத்திரம் உங்களுக்கு உரிமை தராது. அது அப்பப்பாவின் பெயருக்கு, அந்த ஆண்டுக்கு வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது; வீட்டையும் காணியையும் போல முதுசமாக இறங்கி வராது. ஆனால் சான்றாக அது பொன். பத்திரத்தில் தொடரிலக்கம் எழுதப்பட்டிருந்து, அது துப்பாக்கியில் வெட்டியிருக்கும் இலக்கத்தோடு பொருந்தினால், இந்த ஆயுதம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடைத்துவிடும். பிஸ்டலைத் தொடாமல், நீங்கள் எடுத்த படத்தைப் பெரிதாக்கி இலக்கத்தை ஒப்பிடுங்கள். படத்தை அழித்துவிடவும் வேண்டாம். எப்போது கண்டெடுத்தீர்கள் என்பதற்கு அதன் திகதிதான் சாட்சி. அழித்தால் ஏன் அழித்தீர்கள் என்ற கேள்வி வரும்.

புதிதாக அனுமதி எடுப்பது பற்றி: பயிர்க் காவலுக்கான சாதாரண வேட்டைத் துப்பாக்கிக்கு மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போகலாம், பிஸ்டல் என்றால் பாதுகாப்பு அமைச்சு. உயிருக்கு அச்சுறுத்தல் உண்டு என்று அங்கே நிறுவவேண்டும். அப்பப்பாவின் நினைவு அதற்குப் போதாது. 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென அனுமதியோடு வழங்கப்பட்ட துப்பாக்கிகளையே மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி அமைச்சு கேட்டது. அந்தச் சூழலில் பெட்டகத்தில் கண்டெடுத்ததற்கு அனுமதி கேட்பது வீண் முயற்சி.

அண்ணாவின் யோசனையைப் பற்றிச் சொன்னால் அவர் கோபிக்கக்கூடும். கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் தனியார் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டிருக்கின்றன, இறக்குமதிக்கும் தடை. அங்கே தொல்பொருள் என்று கைத்துப்பாக்கிக்குச் சலுகை கிடைக்க அது 1898 க்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும். இதுவோ ரொறன்ரோவில் ஜோன் இங்கிலிஸ் கொம்பனி 1944, 45 அளவில் போருக்காகச் செய்தவற்றில் ஒன்று. பிறந்த ஊருக்கே திரும்பிப் போக அதற்கு வழியில்லை. கழற்றிப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாட்டிலும் வழக்கு.

சுட்டுப் பார்க்கும் ஆசையைக் குறை சொல்லமாட்டேன். ஹை பவர் 13 ரவை கொள்ளும், கைக்கு நன்றாகப் பொருந்தும் என்று பெயர் வாங்கிய துப்பாக்கி. ஆனால் எண்பது ஆண்டு பழைய உலோகத்துக்கு இன்றைய வீரியமான ரவை ஆகாது. ஏழு பழைய ரவைகளின் நிலை இன்னும் மோசமாக இருக்கும். இந்த மாதிரியில் ரவைகளை அடைக்கும் கூடான மகசினைக் கழற்றினால் விசை வேலை செய்யாதபடி ஒரு தடுப்பு உண்டு. விசை இலகுவாகட்டும் என்று பலர் அதைக் கழற்றிவிடுவார்கள். உங்களுடையதில் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? மகசின் வெளியே இருந்தாலும் குழலுக்குள் ஒரு ரவை தங்கியிருக்கலாம். ஆகவே சோதித்துப் பார்ப்பதும் துடைப்பதும் வேண்டாம். சுடும் விளையாட்டில் உண்மையிலேயே விருப்பம் இருந்தால், பதிவுபெற்ற கழகத்தின் துப்பாக்கியால், பயிற்றுநரின் கண்முன் சுடுங்கள்.

இனிச் செய்யவேண்டியது. பெட்டகத்தைப் பூட்டி, பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். கைப்பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகும் நல்லெண்ணமும் வேண்டாம். வழிச் சோதனையில் மறித்தால் நீங்கள் துப்பாக்கியோடு பிடிபட்டவர் ஆவீர்கள். கிணற்றில் போட்டால் சான்றை மறைத்த குற்றமும் சேரும். இன்றே சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் பொறுப்பதிகாரிக்கு அறிவித்து, அவர்களை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். கிராம அலுவலரும் கூட நிற்கட்டும். இடத்திலேயே தொடரிலக்கத்தையும் ரவைகளின் எண்ணிக்கையையும் எழுதுவித்து, முறைப்பாட்டின் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தாமதத்துக்குக் காரணம் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணாவிடம் கேட்டேன். மேசனிடம் வாக்குமூலம் எடுப்பார்கள். அவருக்கு முன்கூட்டியே கதை சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

துப்பாக்கி சான்றுப்பொருளாக நீதிமன்றம் போகும், திரும்பி வராது. அனுமதிப்பத்திரத்தின் மூலத்தையும் கேட்பார்கள். அதைக் கொடுக்குமுன் இரு பக்கமும் பிரதி எடுத்து, ஒப்படைத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.