தொடர்ந்து 11 தோல்வி

அன்புள்ள ஐயா,

எட்டு மாதமாக ஆன்லைனில் செஸ் ஆடுகிறேன். தினமும் 20 புதிர் போடுகிறேன். போன வெள்ளி இரவு 5 நிமிட ஆட்டத்தில் வரிசையாக 11 தோற்று, 1040-இல் இருந்த ரேட்டிங் 950-க்கு இறங்கிவிட்டது. விடியும்வரை தூக்கம் இல்லை. கறுப்பில் ஆடும் சிசிலியன் தொடக்கத்தை விட்டுவிட்டு காரோ-கான் தொடக்கத்தைப் படிக்கட்டுமா? இல்லை, எனக்கு இது வரவே வராதா?

எம்.

அன்புள்ள எம்.,

வரும். அந்த 11-ஐயும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குச் சமமான ரேட்டிங் உள்ளவரோடுதான் ஆன்லைனில் ஜோடி சேர்க்கிறார்கள். எவ்வளவு முன்னேறினாலும் கிட்டத்தட்ட பாதி ஆட்டம் கையைவிட்டுப் போகத்தான் செய்யும். ரேட்டிங்கில் 200 கூடுதலாக உள்ளவரோடு 100 ஆட்டம் ஆடினால், எலோ என்ற ரேட்டிங் கணக்குப்படி நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது சுமார் 24 புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை).

முதலில் அந்த 11 ஆட்டங்களையும் திறந்து, தோற்றபோது உங்கள் கடிகாரத்தில் எவ்வளவு நேரம் மிச்சம் இருந்தது என்று மட்டும் பாருங்கள். கடைசி ஆட்டங்களில் மூன்று நிமிடத்துக்கு மேல் அப்படியே கிடந்தால், அங்கே ஆடியது கோபம். இனி அடுத்தடுத்து இரண்டு தோற்றால் அன்றைக்கு அவ்வளவுதான், மூடிவிடுங்கள். 5 நிமிடத்தையும் விடுங்கள். 15 நிமிடம், நகர்வுக்கு 10 விநாடி கூடுதல் என்ற ஆட்டம் நாளைக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

தோற்றதும் எஞ்சினை, அதாவது நகர்வுகளை எடைபோடும் கணினி நிரலைப் போடாதீர்கள். அது எல்லா நகர்வுக்கும் எண் காட்டும். ஆறாவது நகர்வில் இருந்த அரை சிப்பாய்க் குறையைப் பார்த்துக் கவலைப்பட ஆரம்பிப்பீர்கள். பத்து நிமிடம் நீங்களே புரட்டி, எந்த இடம்வரை நிம்மதியாக இருந்தீர்கள் என்று கண்டுபிடியுங்கள். அதற்கு அடுத்த நகர்வை நோட்டில் எழுதுங்கள்: என்ன நினைத்து நகர்த்தினேன், எது கண்ணில் படவில்லை, கடிகாரத்தில் எவ்வளவு இருந்தது. எஞ்சின் அதற்குப் பிறகுதான்.

சிசிலியனில் உங்கள் சி சிப்பாய் சீக்கிரமே போய்விடும், சி7 கட்டம் காலி (எழுத்து நிரலையும் எண் வரிசையையும் குறிக்கும்). வெள்ளைக் குதிரை பி5-க்கு வந்து நிற்கிறது. அது சி7-இல் குதித்தால் ராஜாவுக்கு செக், ஏ8 யானையும் போச்சு. டி8-இல் இருக்கும் ராணிதான் அந்தக் கட்டத்தைக் காக்கிறது. அந்த நேரம் பார்த்து ராணியை பி6-க்கு நகர்த்தினால்? அங்கிருந்தும் சி7 காவலில்தான் இருக்கிறது, பிழைத்தீர்கள். அடுத்த நகர்வில் ராணி சி7-ஐக் காக்காத இடத்துக்குப் போகும்போதுதான் யானை போகிறது. "ஃபோர்க்கை (ஒரே காய் இரண்டைத் தாக்குவதை) பார்க்கவில்லை" என்று நோட்டில் எழுதிப் பயனில்லை. "ராணி சி7-ஐக் காத்ததை மறந்தேன்" என்று எழுதுங்கள்.

புதிர் போட்டும் இது தீராததற்குக் காரணம் உண்டு. புதிரில் ஏதோ இருக்கிறது என்று முன்பே தெரியும்; ஆட்டத்தில் யாரும் மணி அடிப்பதில்லை. நகர்த்துமுன் "இந்தக் காய் இப்போது எதைக் காக்கிறது?" என்று கேட்பதைத் தனியாகத்தான் பழக வேண்டும். கேட்க நேரம் வேண்டும் என்பதால்தான் 15 நிமிடம் சொன்னேன்.

2024 உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். 55-ஆவது நகர்வில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2-வில் வைத்து வெட்டிக்கொள்ள அழைத்தார். யானைகள் போனதும், ஏ8 மூலையில் நின்ற அவருடைய பிஷப்பை குகேஷ் டி5-இலிருந்து வம்படியாக மாற்றிக்கொண்டார். மிஞ்சியது சிப்பாய் ஆட்டம், அதில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். யானை பலகையில் இருந்தவரை அந்த மாற்றத்துக்குப் பயப்பட வேண்டியிருக்கவில்லை. இதே குகேஷ் முதல் ஆட்டத்தை வெள்ளையில் தோற்றவர், 12-ஆவதையும் தோற்றவர்.

20 தோல்வி சேர்ந்ததும் நோட்டை எண்ணுங்கள். எந்தக் காரணம் அதிகமோ, ஒரு மாதம் அது ஒன்றை மட்டும் பாருங்கள்.

காரோ-கான் இப்போதைக்கு வேண்டாம். அதிலும் குதிரை வரும். கறுப்பில் சிப்பாய் சி6, டி5; வெள்ளைக் குதிரை சி3-க்கு வந்ததும் இ4-இல் வெட்டுகிறீர்கள், குதிரை திருப்பி வெட்டுகிறது. உங்கள் குதிரையை டி7-இல் வைக்கிறீர்கள், வெள்ளை ராணி இ2-வுக்கு வருகிறது. இன்னொரு குதிரையை ஜி8-இலிருந்து எஃப்6-க்கு எடுப்பதுதான் இயல்பாகத் தோன்றும். எடுத்தால் வெள்ளைக் குதிரை டி6-இல் வந்து செக்மேட்: இ7 சிப்பாயால் அதை வெட்ட முடியாது, ராணியின் நேர்கோட்டில் ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டு நிற்கிறது.