எலிக்கு மாதவிலக்கு கிடையாதே! கருப்பை ஆர்கனாய்டு: கேள்வி பதில்

கருப்பை உட்படலத்தின் செல்களைத் தட்டில் வளர்த்தால் வரும் குட்டி உருண்டைதான் கருப்பை ஆர்கனாய்டு. கரு கருப்பையில் எப்படி ஒட்டுகிறது என்று ஆராய இது உதவும். இதைப் பற்றி மும்பைத் தமிழர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்.

கௌரி, மாதுங்கா: இத்தனை காலம் எலியை வைத்துத்தானே எல்லாம் பார்த்தார்கள்? இப்போது மட்டும் ஏன் மனிதத் திசு?

எலிக்கு மாதவிலக்கே கிடையாது கௌரி. அதன் சுழற்சி நாலைந்து நாளில் முடிந்துவிடும். கரு வந்து தொட்ட பிறகுதான் அதன் கருப்பை உட்படலம் முழுதாக மாறும். நமக்கோ கரு வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் மாறும், வராவிட்டால் உதிர்ந்துவிடும். கரு ஏன் ஒட்டவில்லை என்று எலியிடம் கேட்டால் பாதி பதில்தான் வரும்.

செல்வம், தாராவி: அந்தத் திசு எங்கிருந்து கிடைக்கிறது அக்கா?

எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, மெல்லிய குழாய் விட்டு எடுக்கும் துளித் திசுவே போதும் தம்பி. மாதவிலக்கு ரத்தத்திலிருந்தும் வளர்க்கலாம் என்று 2021-இல் காட்டிவிட்டார்கள். செல்களைப் பிரித்து ஜெல்லில் கலந்து தட்டில் சொட்டுச் சொட்டாக விடுவோம். ஐஸ் மேல் இருக்கும்வரை ஜெல் தண்ணீர் மாதிரி ஓடும். சூடு ஏறினால் இறுகிவிடும். கை வேகமாக ஓட வேண்டும். சில நாளில் மைக்ரோஸ்கோப்பில் வெந்த ஜவ்வரிசி போலக் குட்டி உருண்டைகள், நடுவில் வெற்றிடத்தோடு. ஈஸ்ட்ரோஜனும் பிறகு புரோஜெஸ்டிரானும் கொடுத்தால் கருப்பைச் சுரப்பிகளைப் போலவே மாறும்.

ஃபாத்திமா, மும்ப்ரா: அதன்மேல் நிஜக் கருவையா வைக்கிறீர்கள்?

ஸ்டெம் செல்லிலிருந்து செய்த பிளாஸ்டாய்டை வைக்கலாம். ஐந்தாறு நாள் கருவைப் போல இருக்கும், கரு அல்ல. வியன்னாவில் நிகோலா ரிவ்ரோன் குழு செய்த சோதனையில், ஹார்மோன் கொடுத்த கருப்பைச் செல்களில் அது ஒட்டியது, கொடுக்காதவற்றில் ஒட்டவில்லை. எனக்குப் பிடித்த முடிவு அது.

முருகன், செம்பூர்: அப்படியானால் விலங்கே தேவையில்லை?

விளம்பரத்தில் சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன். செல்களைக் கலக்க நாங்கள் அதிகம் பயன்படுத்தும் 'மேட்ரிஜெல்' என்ற ஜெல்லே எலியின் புற்றுக்கட்டியிலிருந்து வருவது. பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளின் திசுக்களை ஒன்றாக இணைத்து வளர்க்கும் சிறு கருவி 'எவாட்டார்', 2017-இல் பெயர் வாங்கியது. அதில் கருப்பை, கருக்குழாய் எல்லாம் மனிதத் திசு. சினைப்பை மட்டும் எலியுடையது. செயற்கை ஜெல்கள் வரத் தொடங்கிவிட்டன. இந்தியாவிலும் 2023-இல் புதிய மருந்துகளுக்கான விதிகளைத் திருத்தி, விலங்குச் சோதனைக்கு மாற்றான இதுபோன்ற முறைகளுக்கு இடம் கொடுத்தார்கள்.

பெயர் வேண்டாம், டோம்பிவிலி: மூன்று ஐவிஎஃப் தோல்வி. என் திசுவை வளர்த்து டெஸ்ட் செய்து பார்க்கலாமா மேடம்?

வேண்டாம்மா. இது இன்னும் ஆராய்ச்சிக் கருவிதான், சிகிச்சையைத் தீர்மானிக்கும் டெஸ்ட் அல்ல. யாராவது காசு கேட்டால், 'இந்த டெஸ்ட் எடுத்தவர்களுக்குக் குழந்தை பிறப்பது கூடியிருக்கிறதா?' என்று நேராகக் கேளுங்கள். மூன்று முறையின் கோப்புகளையும் எடுத்துக்கொண்டு வேறொரு டாக்டரிடமும் காட்டுங்கள். கணவரின் விந்துப் பரிசோதனை பழையதாக இருந்தால் அதையும் திரும்ப எடுக்கலாம்.