ரோட்டரி எஞ்சினின் போர்ட்களை நானே பெரிதாக்கலாமா?

கேள்வி: 13பி ரோட்டரி எஞ்சின் பொருத்திய பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-7 கார் வைத்திருக்கிறேன். கம்ப்ரஷன் குறைந்துவிட்டதால் எஞ்சினைப் பிரித்து சீல்களை மாற்றப் போகிறேன். அப்போதே போர்ட்டிங்கும் (காற்றும் புகையும் போகும் துளைகளான போர்ட்களைத் தேய்த்துப் பெரிதாக்குவது) செய்துவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கிரைண்டர் பிடித்துப் பழக்கம் உண்டு; ரோட்டரியைத் திறந்து பார்த்ததில்லை. நானே செய்யலாமா?

பதில்: எஞ்சினை எப்படியும் பிரிக்கத்தான் போகிறீர்கள் என்பது உங்களுக்குச் சாதகமான செய்தி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைப் போர்ட்டிங்குக்காக மட்டும் பிரிப்பதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

பிஸ்டன் எஞ்சினில் காற்றுப் பாதையைத் தேய்த்து அகலமாக்கினாலும், வால்வு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதைக் கேம்ஷாஃப்ட்தான் தீர்மானிக்கிறது. பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் எனும் முக்கோணச் சுழலி இருக்கும் ரோட்டரியில் வால்வும் இல்லை, கேம்ஷாஃப்டும் இல்லை. சுவரில் உள்ள துளையின் மேல் ரோட்டர் கடந்து செல்வதே திறப்பும் மூடலும் என்பதால், துளையின் விளிம்பை நீங்கள் சிறிது நகர்த்தினாலும் எஞ்சினின் நேரக் கணக்கையே மாற்றி எழுதுகிறீர்கள். தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

உங்கள் எஞ்சினின் இன்டேக் (காற்று உள்ளே வரும்) போர்ட்கள் வார்ப்பிரும்பாலான பக்கத் தட்டுகளில் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி இரண்டு எல்லைகள் உண்டு. உட்புறம் ரோட்டரின் ஆயில் சீல் உரசிச் செல்லும் பாதை. போர்ட் அதைத் தொட்டுவிட்டால் எண்ணெய் எரியறைக்குள் உறிஞ்சப்பட்டு, கார் புகையைக் கக்கிக்கொண்டே ஓடும். வெளிப்புறம் ரோட்டரின் மூலையில் இருக்கும் கார்னர் சீல் செல்லும் பாதை. அங்கே இரும்பின் தாங்கல் இல்லாவிட்டால் அந்தச் சீல் துளைக்குள் இறங்கி உடையும். இவ்விரண்டுக்கும் இடையில், ரோட்டரின் பக்கவாட்டை அடைக்கும் சைடு சீல் போர்ட்டின் மேலேயே கடந்து போக வேண்டியிருக்கிறது. ஆகவே போர்ட் மூடும் பக்கத்து விளிம்பு, சீலை ஒரேயடியாக முட்டாமல் சிறிது சிறிதாக மேலே ஏற்றிவிடும் வளைவோடு அமைந்து, கூர்மை மழுங்கச் சரிவாகத் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். முதல்முறை செய்பவர்கள் துளையின் அளவைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு இந்தச் சரிவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சீல் முதலில் அடி வாங்குவது இங்கேதான்.

புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட், ரோட்டரைச் சுற்றியுள்ள உறையான ரோட்டர் ஹவுசிங்கில் இருக்கிறது. அதன் உட்பரப்பில் குரோமியப் பூச்சு இருப்பதால், அவசரப்பட்டுத் தேய்த்தால் போர்ட்டின் ஓரத்தில் பூச்சு பெயர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் ரோட்டரின் முனையில் உள்ள ஏபெக்ஸ் சீலைச் சுரண்டும். அகலத்தை அதிகம் கூட்டினாலும் அந்தச் சீலுக்குத் தாங்கல் குறையும்.

ஸ்ட்ரீட் போர்ட் எனப்படும் மிதமான வேலை, அதாவது இருக்கும் போர்ட்டை மேற்சொன்ன எல்லைகளுக்குள் விரிப்பது, பொறுமையுள்ள புதியவரின் கைக்கு எட்டும். போர்ட் தாமதமாக மூடுவதால் வலு மேல் ஆர்பிஎம்முக்கு நகரும். தினசரி ஓட்டத்துக்கும் ஒத்துவரும். பிரிட்ஜ் போர்ட்டை மட்டும் உங்கள் முதல் எஞ்சினில் முயல வேண்டாம். மெல்லிய இரும்புப் பாலம் ஒன்றை விட்டு, அதற்கு வெளியே இன்னொரு துளை போடும் வேலை அது. இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கால அளவு கூடுவதால் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுவது) துள்ளும், எரிபொருள் வீணாகும். அந்தத் துள்ளல் சத்தத்துக்காகவே அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வாதம் இல்லை.

செய்வதென்று முடிவெடுத்தால், கழித்துப் போட்ட பக்கத் தட்டு ஒன்றை வாங்கி முதலில் அதில் கைபழகுங்கள். போர்ட்டின் புதிய வடிவத்தைக் காட்டும் டெம்ப்ளேட் வைத்துக் கோடு கீறி, கோட்டுக்குச் சற்று உள்ளேயே நின்றுவிடுங்கள். நடுத் தட்டின் இரு புறமும், இரு ஓரத் தட்டுகளிலும் சேர்த்து டர்போ எஞ்சினில் நான்கு இன்டேக் போர்ட்கள், டர்போ இல்லாததில் ஆறு. இரு ரோட்டர்களுக்கும் அவை ஒத்திருக்க வேண்டும். சீல்கள் உரசும் பரப்பை மறைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டர் ஒருமுறை வழுக்கினால் அந்தத் தட்டு பாழ். போர்ட்டின் சுவருக்குப் பின்னால் குளிர்நீர் ஓடும் பாதை இருப்பதையும் மறந்துவிட வேண்டாம். இரும்புத்தூள் ஒரு துளிகூடத் தங்காமல் கழுவிய பிறகே எஞ்சினைப் பூட்டுங்கள்.

பூட்டிய பின் எரிபொருள், இக்னிஷன் அளவுகளைப் புதிதாக டியூன் செய்தாக வேண்டும். டர்போ எஞ்சினாக இருந்து எக்ஸாஸ்ட் போர்ட்டையும் விரித்தால், சிறிய வேஸ்ட்கேட்டால் (மிகுதிப் புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, கட்டுப்படுத்த முடியாமல் போகலாம். டியூனிங்குக்குப் பணம் ஒதுக்க முடியாது என்றால் இந்த முறை சீல்களை மட்டும் மாற்றிப் பூட்டிவிடுங்கள்.

கேள்வி: ஆர்எக்ஸ்-8 காருக்கும் இதே பதில்தானா?

பதில்: இல்லை. அதன் ரெனிசிஸ் எஞ்சினில் எக்ஸாஸ்ட் போர்ட்களும் பக்கத் தட்டுகளுக்கே மாற்றப்பட்டுவிட்டன. இன்டேக்கும் எக்ஸாஸ்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமே இல்லாதபடி மாஸ்டா அதை வடிவமைத்தது. 13பி-க்கான டெம்ப்ளேட்டை அதன் மேல் வைக்காதீர்கள்.