உங்களுக்குப் பதில் யார்?

அன்புள்ள அக்கா,

ஒன்பது வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். என் பெயரும் மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக இரண்டு மாதம் முன்பே நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். "ஆள் இல்லை, உனக்குப் பதில் யாரையாவது நீயே பேசி வைத்துவிட்டுப் போ" என்றார்கள். எங்கள் லீவு ஃபாரத்திலேயே 'மாற்று டூட்டி பார்ப்பவர்' என்று ஒரு கட்டம் உண்டு. தோழி ஒருத்தி கையெழுத்துப் போட்டாள். மதிய ஷிஃப்ட் முடித்த கையோடு என் நைட்டையும் அவளே பார்த்தாள். விடியற்காலையில், ஒருவருக்குப் போட வேண்டிய இன்சுலினைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் போடப் போயிருக்கிறாள். கைப்பட்டையில் பெயரைப் பார்த்து, கடைசி நொடியில் ஊசியை விலக்கிவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் திரும்பி வந்த அன்று இன்சார்ஜ் சிஸ்டர் எல்லார் முன்னாலும், "நீ லீவு போனதால் வந்த வினை" என்றார். அதற்கப்புறம் ஏழு மாதமாக நான் லீவே கேட்கவில்லை. இப்போது அம்மாவின் இன்னொரு கண்ணுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நான் லீவு கேட்டது தப்பா அக்கா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

தப்பில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு மாதமாக இந்தக் கேள்வியோடு வார்டுக்குப் போய் வந்திருக்கிறீர்கள் என்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

முதலில் உங்கள் தோழியைப் பற்றி. மதியம் தொடங்கி விடியும் வரை என்றால் கிட்டத்தட்ட பதினாறு மணி நேரம். அமெரிக்காவில் 393 நர்ஸ்களைத் தங்கள் வேலை நேரத்தையும் நேர்ந்த தவறுகளையும் தாங்களே குறித்து வைக்கச் சொல்லி ஓர் ஆய்வு நடந்தது. 2004இல் வெளியானது. ஒரே மூச்சில் பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்க்கும்போது தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்காகிறது என்று அதில் தெரிந்தது. உங்கள் தோழி அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருந்தாள். அப்படியும் கைப்பட்டையைப் பார்த்தாளே, அது எத்தனை வருடப் பயிற்சி! அவளைக் கண்டிக்க அதில் எதுவும் இல்லை. உங்களைக் கண்டிக்க அதைவிட இல்லை. இரண்டு மாதம் முன்பே தெரிந்த ஒரு காலி இடத்தை ஒருத்தியின் தூக்கத்தைக் கொண்டு அடைத்தது யார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

'ஆள் இல்லை' என்ற பதிலை மழை, வெயில் போல யாராலும் ஒன்றும் செய்ய முடியாத சங்கதியாகச் சொல்கிறார்கள். அது ஒரு கணக்கு. போட்டுப் பார்ப்போம். வார்டில் ஒரு நர்ஸ் எந்நேரமும் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட். வருடத்துக்கு 365 x 3 = 1095 ஷிஃப்ட். வாரம் இரண்டு நாள் ஓய்வு உள்ள ஒருவர் வருடத்தில் 261 நாள் வேலைக்கு வருவார். அப்படியானால் அந்த ஓர் இடத்துக்கு நான்கு பேருக்குச் சற்று மேல் வேண்டும். ஆனால் அவருக்கு ஆண்டு விடுப்பு 20 நாள், பொது விடுமுறை 10, காய்ச்சல் தலைவலிக்கு 10, பயிற்சிக்கு 5 என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 216 நாள்தான். 1095ஐ 216ஆல் வகுத்தால் ஐந்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. உங்கள் இடத்தில் ஓய்வும் லீவும் வேறு அளவாக இருக்கலாம். எண்கள் மாறும், கணக்குப் போடும் வழி மாறாது.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்கிற அந்த ஓர் ஆள்தான், எஸ், உங்கள் லீவு. அந்த ஆளை வேலைக்கு எடுக்காமல் விட்டவர்கள், யாரும் லீவு போகமாட்டார்கள், யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகாது, யார் வீட்டிலும் கண் ஆபரேஷன் நடக்காது என்று முடிவு செய்துவிட்டார்கள். உங்களுக்கு நியமன உத்தரவு கொடுத்த அன்றே உங்கள் லீவும் மறுக்கப்பட்டாயிற்று. அதைத்தான் 'நீயே ஆள் பிடித்துக்கொள்' என்று உங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

உங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் மீதும் எனக்குப் பரிதாபம்தான். நான்கு பேரை வைத்துக்கொண்டு ஐந்து பேருக்கான ரோஸ்டரை, அதாவது யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற அட்டவணையை, மாதாமாதம் அவர் எழுத வேண்டியிருக்கிறது. அவருடைய லீவும் எங்கேயோ கிடப்பில் இருக்கும். ஆனால் எல்லார் முன்னாலும் அவர் சொன்னது அநியாயம். மேலே சொல்ல வேண்டியதைக் கீழே சொல்லிவிட்டார்.

1977இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நர்ஸ்களுக்கென்றே 149ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. வார ஓய்வு, ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு எல்லாவற்றிலும் மற்ற தொழிலாளர்களுக்குக் குறையாமல் நர்ஸ்களுக்கும் தர வேண்டும் என்கிறது அது. ஏற்றுக் கையெழுத்திட்ட நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும், சரி. ஆனால் அதோடு வந்த 157ஆம் பரிந்துரையில் ஒன்று உண்டு: ஆண்டு விடுப்பு நர்ஸ்களின் உரிமை என்பதோடு நிறுத்தாமல், அதை அவர்கள் எடுத்தே ஆக வேண்டும் என்கிறது. நர்ஸ்கள் தாமாகவே விட்டுக்கொடுத்துவிடுவார்கள் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கலிஃபோர்னியாவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பதற்கு 1999இல் சட்டம் போட்டு 2004இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு பேருக்கு மேல் கூடாது. அந்த எண்ணிக்கை எல்லா நேரமும் இருக்க வேண்டும். நர்ஸ் சாப்பிடப் போனால்கூட அவர் இடத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். அங்கே சாப்பாட்டு இடைவேளைக்கே ஆள் வைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

என் அப்பா படுத்திருந்தபோது பதினோரு இரவு நான் வார்டில் இருந்தேன். ஒரு நாள் ட்ரிப் பாட்டில் தீர்ந்து, கூப்பிட்டும் வர நேரமானதால் ஒரு பெண்ணிடம் கத்திவிட்டேன். ஒன்றும் பேசாமல் மாற்றிவிட்டுப் போனாள். முந்தின இரவும் அவள்தான் டூட்டியில் இருந்தாள் என்பது மறுநாள் அடுத்த ஷிஃப்டுக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் நேரத்தில்தான் என் காதில் விழுந்தது. போய் மன்னிப்புக் கேட்பதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுத அதுவும் ஒரு காரணம்.

இனி என்ன செய்யலாம்? அந்த இன்சுலின் சம்பவத்தை எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். தோழியின் சம்மதத்தோடு, யார் மீதும் பழி போடாமல், அது எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்பதையும் சேர்த்து. அந்த மணிக்கணக்கு இல்லாவிட்டால் அது வெறும் கவனக்குறைவு என்றுதான் ஃபைலில் தூங்கும். வார்டில் இருக்கிற எல்லாருமாகச் சேர்ந்து வருடத்துக்கு ஒரு லீவு அட்டவணை போடச் சொல்லிக் கேளுங்கள். ஒருத்தி தனியாகக் கேட்டால் சலுகை கேட்பது போல இருக்கும். எல்லாருமாகக் கேட்டால் ஆள் குறைவு தானாகவே தாளில் தெரியும். வேறு வழியில்லாமல் காலையில் போன் செய்து "உடம்பு முடியவில்லை" என்று சொல்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். சொல்லிவிட்டுப் போகிற லீவை மறுக்கிற இடத்தில் சொல்லாத லீவுதான் நடக்கும். ஆனால் அந்தக் காலையில் மாட்டிக்கொள்வது உங்கள் தோழியைப் போன்ற இன்னொருத்தி. உங்களுக்கு அது மனசு கேட்காது.

ஆபரேஷன் தேதி தெரிந்துவிட்டது அல்லவா? இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்றில் வாங்கிக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அப்புறம் 'மாற்று டூட்டி பார்ப்பவர்' என்ற அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். அதை நிரப்ப வேண்டியவர்கள் நிரப்பட்டும்.