பதிமூன்று ஜெர்சிக்காரர்

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. உயரம் ஆறடி இரண்டு அங்குலம். கல்லூரி கூடைப்பந்து அணியில் 'போஸ்ட்' ஆடுகிறான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வங்கி செலக்‌ஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறது. போக மாட்டேன் என்கிறான். இஷ் ஸ்மித் என்று ஒருவர் படத்தைக் காட்டி, "இவர் பதிமூணு டீமுக்கு ஆடியிருக்காரும்மா. பெரிய ஸ்டார்லாம் இல்ல. இப்படி இருந்தாலே எனக்குப் போதும்" என்கிறான். பதிமூன்று இடத்தில் வைத்துக்கொள்ளாமல் அனுப்பிய ஆளையா முன்மாதிரியாக எடுப்பது? இதற்கு நடுவே ஓர் ஏஜென்ட், இரண்டு லட்சம் கட்டினால் ஐரோப்பாவில் இடம் வாங்கித் தருகிறேன் என்கிறார். என்ன செய்யட்டும்?
– ஓர் அம்மா, தேனி மாவட்டம்

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, தம்பி காட்டிய ஆள் சரியான ஆள்தான். அவர் கதையில் பாதியைத்தான் தம்பி படித்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

இப்படி அணி அணியாகப் போகிறவரை அமெரிக்கக் கூடைப்பந்தில் 'ஜர்னிமேன்' என்பார்கள். ஊர் ஊராகப் பயணம் போவதால் வந்த பெயர் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. பிரெஞ்சு மொழியில் 'ஒரு நாள் வேலை' என்ற சொல்லிலிருந்து வந்தது. தொழில் கற்று முடித்து, நாள்கூலிக்குப் போகிற கைவேலைக்காரர். நம் கட்டட வேலையில் சொன்னால் சித்தாளும் இல்லை, மேஸ்திரியும் இல்லை, கொத்தனார். எந்தச் சைட்டுக்குக் கூப்பிட்டாலும் கரண்டியை எடுத்துக்கொண்டு போய் அன்றைக்கே சுவர் எழுப்பத் தெரிந்தவர். பத்து சைட் மாறிய கொத்தனாரை யாரும் துரத்தப்பட்டவர் என்று சொல்வதில்லையே.

ஸ்மித் 2010-ல் கல்லூரியை முடித்தார். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. வருடா வருடம் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அறுபது பேரை எடுத்தார்கள். அதில் அவர் பெயர் இல்லை. ஹூஸ்டன் அணி தனியாகக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. ஒரு சீசன்கூட முடியவில்லை, 2011 பிப்ரவரியில் ஷேன் பேட்டியரை மெம்ஃபிஸுக்கு மாற்றியபோது இவரையும் சேர்த்து அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்து, ஆர்லாண்டோ அணி ஜே.ஜே. ரெடிக்கை மில்வாக்கிக்குக் கொடுத்தபோதும் கூடவே போனார். காய்கறிக் கடையில் கத்தரிக்காய்க்குக் கொசுறாகக் கறிவேப்பிலை போடுவார்களே, அந்த மாதிரி. என்.பி.ஏ.யில் பெரும்பாலான வீரர்களிடம் "போகச் சம்மதமா?" என்று யாரும் கேட்பதில்லை. ஒப்பந்தம் கை மாறும், கூடவே ஆளும் மாறுவார். காலையில் பயிற்சிக்குக் கிளம்பியவர் மாலையில் வேறு ஊருக்கு விமானம் ஏறுவார். வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் பின்னால் வீட்டிலிருப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தக் கறிவேப்பிலைக்கு 2015 டிசம்பரில் ஒரு விலை வந்தது. அந்தச் சீசனில் ஃபிலடெல்ஃபியா 31 ஆட்டம் ஆடி ஒன்றே ஒன்றில் ஜெயித்திருந்தது. இளம் வீரர்களுக்குக் குறைவில்லை. பந்தை ஒழுங்காக மேலே கொண்டுவந்து, உரியவன் கையில் உரிய நேரத்தில் கொடுக்கத்தான் ஆள் இல்லை. முந்தைய கோடையில் தாங்களே போகவிட்ட ஸ்மித்தை, டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் புதியவர்களை எடுக்கும் தங்கள் உரிமைகளில் இரண்டைக் கொடுத்து நியூ ஆர்லியன்ஸிடமிருந்து திரும்ப வாங்கினார்கள். அவர் வந்து ஆடிய முதல் ஆட்டத்திலேயே அணி ஜெயித்தது. அந்த அணி அதன் பிறகும் நிறைய தோற்றது, அது வேறு விஷயம். வேலை தெரிந்த ஒருத்தன் உள்ளே வந்தால் சுற்றியிருக்கிற நாலு பேர் ஆட்டமும் நேராகிறது. பதிமூன்று அணிகளும் அவரிடம் வாங்கியது இதைத்தான். அந்தப் பதிமூன்றாவது அணி டென்வர். 2022-ல் போய்ச் சேர்ந்தார். அதிக அணிகளுக்கு ஆடியவர் என்ற சாதனையும் அப்போதுதான் அவர் பெயருக்கு வந்தது. 2023-ல் டென்வர் சாம்பியன் ஆனது. பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார், ஆனாலும் சாம்பியன் அணிக்குத் தருகிற மோதிரம் மோதிரம்தான்.

இனி தம்பி படிக்காத பாதி.

என்.பி.ஏ.யில் 30 அணிகள், அணிக்கு 15 இடம். உலகம் முழுவதற்கும் 450 நாற்காலி. ஜனவரி 5-க்குப் பிறகு 'பத்து நாள் ஒப்பந்தம்' என்று ஒன்று உண்டு. பத்தே நாள் வேலை. ஒரே அணி ஒரு சீசனில் இரண்டு முறைதான் அப்படிப் போடலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் சீசன் முடியும்வரை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். அதற்கும் கீழ்ப்படி, என்.பி.ஏ.யே நடத்தும் இரண்டாம் நிலைப் போட்டியான ஜி லீக். 2023-24-ல் அங்கே ஐந்து மாதத்துக்கு 40,500 டாலர் சம்பளம். நம் ஊர்க் கணக்கில் பெரிதாகத் தெரியும். அமெரிக்க வாடகையில் இல்லை.

ஆண்ட்ரே இங்க்ராம் என்பவர் அந்தக் கீழ்ப்படியிலேயே பத்து வருடம் நின்றார். இயற்பியல் பட்டதாரி. கணக்கு டியூஷன் எடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். தலை நரைத்து, 32 வயதில், 2018 ஏப்ரல் 10 அன்று லேக்கர்ஸ் அணிக்காக முதல்முறை இறங்கி ஹூஸ்டனுக்கு எதிராக 19 புள்ளிகள் எடுத்தார். அரங்கமே எழுந்து நின்றது. அதையும் சேர்த்து அவர் ஆடிய என்.பி.ஏ. ஆட்டங்கள் மொத்தம் ஆறு. என்.பி.ஏ.யில் பென்ஷன் உண்டு அம்மா, ஆனால் மூன்று சீசன் முடித்திருக்க வேண்டும். ஆறு ஆட்டத்துக்குக் கைதட்டல் கிடைக்கும், பென்ஷன் கிடைக்காது.

நம் நாட்டு விஷயத்துக்கு வந்தால், இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்டில் முதலில் எடுக்கப்பட்டவர் பஞ்சாபின் சத்னாம் சிங். 2015, டல்லாஸ் அணி, 52-வது தேர்வு. ஏழடிக்கு மேல் உயரம். அவருக்கே ஒரு என்.பி.ஏ. ஆட்டம் வாய்க்கவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய ஒரு சொல் 'போஸ்ட்'. நம் ஊரில் ஆறடி இரண்டு இருந்தால் வளையத்துக்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். ஒரு நிறுவன அணி என்னைக் கோடைக்கால இரவு ஆட்டத்துக்கு கெஸ்ட் பிளேயராகக் கூப்பிட்டது. பேருந்தில் ஆறு மணி நேரம் போய் இறங்கினால், எனக்குச் சொன்ன ஜெர்சியை ஆறடி ஆறு இருந்த ஒரு பையன் போட்டுக்கொண்டு வார்ம்-அப் செய்துகொண்டிருந்தான். மேனேஜர் இட்லி வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அன்றைக்குப் புரிந்தது, பந்தைத் தட்டிக்கொண்டு வரத் தெரியாத ஆறடி இரண்டு எதற்கும் ஆகாது என்று. ஸ்மித்தின் உயரம் ஆறடிதான், தம்பியைவிடக் குறைவு. ஆனால் அவர் கார்டு, அதாவது பந்தைத் தட்டிக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவர்.

பி.ஜே. டக்கர் கதையைத் தம்பியிடம் சொல்லுங்கள். ஆறடி ஐந்து. கல்லூரியில் வளையத்தடியில் ஆடிக் கொடிகட்டிப் பறந்தவர். 2006-ல் டொரான்டோ 35-வதாக எடுத்தது, ஒரு சீசன் முடிவதற்குள் அனுப்பிவிட்டது. இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி என்று ஐந்து வருடம் சுற்றினார். 2012-ல் ஃபீனிக்ஸ் அணிக்குத் திரும்பி வந்தவர் வேறு ஆட்டக்காரர். எதிரணியின் பெரிய ஆளைத் தடுப்பது, மூலையில் நின்று மூன்று புள்ளி போடுவது. இந்த இரண்டு வேலைக்காகவே அணிகள் அவரைத் தேடின. 2021-ல் மில்வாக்கியோடு சாம்பியன்.

அதனால் தம்பியை வங்கி செலக்‌ஷனுக்குப் போகச் சொல்லுங்கள். கனவை விடச் சொல்லி அல்ல. நம் நாட்டில் நல்ல ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வங்கி, ரயில்வே, போலீஸ் அணிகளில்தான் இருக்கிறார்கள். அவர்களோடு தினமும் மோதாமல், ஐரோப்பாவில் யாரோடு மோதப்போகிறார்? வங்கி அணியில் இடம் கிடைத்தாலும் கார்டாக ஆட முடிகிறதா என்று இரண்டு வருடம் பார்க்கட்டும். இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு, கண்ணைக் கீழே போடாமல் கோர்ட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வரட்டும், எதிரே ஒருவன் மறித்துக்கொண்டு நிற்கும்போது. இன்று மாலையே முயன்று பார்க்கலாம், செலவில்லை.

அந்த ஏஜென்ட் விஷயம். வாங்கித் தந்த சம்பளத்தில் கமிஷன் எடுப்பதுதான் இந்தத் தொழிலில் முறை. என்.பி.ஏ.யில் அது நான்கு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மற்ற நாடுகளுக்கு வீரர்களை அனுப்புகிற ஏஜென்டுகளுக்கு சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா (FIBA) லைசென்ஸ் தருகிறது. சம்பளப் பாக்கி, ஒப்பந்தத் தகராறு என்று வருகிற வழக்குகளுக்காக 2007-ல் தனியாக ஒரு தீர்ப்பாயமே வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த ஊர்களில் சம்பளம் எவ்வளவு ஒழுங்காக வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முன்பணம் கேட்கிறவருக்குப் போன் போட்டு, ஃபிபா லைசென்ஸ் எண்ணை மட்டும் கேளுங்கள். தம்பி பக்கத்தில் இருக்கட்டும், ஸ்பீக்கரில் போடுங்கள்.