சலுகை மீட்டருக்கு, சுமை குடித்தனக்காரருக்கு

வீட்டு மின்சாரம், சமையல் எரிவாயு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். மின்கணக்கு எல்லாம் 2024 ஜூலை 1 முதல் அமலான தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தை வைத்துப் போட்டது. தொகைகள் இரண்டு மாத பில்லுக்கு உரியவை.

நான்கு போர்ஷன் உள்ள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மொத்தத்துக்கும் ஒரே இபி மீட்டர். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார் ஹவுஸ் ஓனர். 100 யூனிட் இலவசம் எங்களுக்குக் கிடையாதா?
(வாசகி, அம்பத்தூர்)

2016 மே மாதம் அறிவிக்கப்பட்ட 100 யூனிட் இலவசம் மின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் உரியது, குடும்பத்துக்கு அல்ல. கோளாறே அங்கேதான். உங்களைப் போல நான்கு குடும்பமும் தலா 180 யூனிட் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கொரு மீட்டர் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், மீதி 80-க்கு 2.35 வீதம் 188 ரூபாயோடு முடிந்துவிடும். ஒரே மீட்டரில் ஓடும்போது அது 720 யூனிட் ஆகிறது. பில் 4,014 ரூபாய். ஓனர் ஒரு பைசா லாபம் பார்க்காமல் பங்கு போட்டாலும் தலைக்கு ஆயிரத்துச் சொச்சம். 8 ரூபாய் கணக்கில் நீங்கள் கொடுப்பதோ 1,440. தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்குச் செலவைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அதிகம்தான்.

தனி இணைப்பு வாங்குவதே வழி. ஒரே கதவு எண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் இருந்தால், இடம் நிரந்தரமாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது மின்வாரிய விதி. தனி வாசல், நடுவே சுவர் இருந்தால் போதும். துணித்தட்டி, பிளைவுட் மறைப்பு செல்லாது. வயரிங்கும் பிரிந்திருக்க வேண்டும். பழைய வீடுகளில் பேஸ் வயரை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலை ஒன்றாகவே விட்டிருப்பார்கள். புது மீட்டரோடு ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) மாட்டிய அன்றே அது ட்ரிப் ஆகத் தொடங்கும். எலெக்ட்ரீஷியன் ஆர்சிசிபியையே கழற்றிவிட்டுப் போய்விடுவார். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்கு முன்பே போர்ஷன் வாரியாக நியூட்ரலைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

ஓனர் தயங்குவது பெரும்பாலும் வாடகைக்காரர் பெயரில் இணைப்பு போனால் வீட்டில் உரிமை கொண்டாடுவாரோ என்ற பயத்தால். இணைப்பு உங்கள் பெயரில் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. எல்லாப் போர்ஷனுக்கும் அவர் பெயரிலேயே வாங்கட்டும். சலுகை மீட்டரோடு வந்துவிடும். அப்படியும் ஒப்பவில்லை என்றால், சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரம், இழப்பு வந்தால் ஈடுகட்டுவதாக எழுதித் தரும் ஈட்டுறுதிப் பத்திரம், கூடுதல் வைப்புத்தொகை ஆகியவற்றோடு குடியிருப்பவரே விண்ணப்பிக்க விதியில் இடமுண்டு. பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தகராறு முற்றி ஓனர் கரண்டை நிறுத்தினால், 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

போன முறை 488 யூனிட், 1,729 ரூபாய் வந்தது. இந்த முறை 523 யூனிட்டுக்கு 2,233 ரூபாய். 35 யூனிட்டுக்கு 504 ரூபாயா?
(வாசகர், சேலம்)

பில் சரிதான். 500 வரை செலவழிப்பவருக்கு 101-லிருந்து 200 வரை உள்ள யூனிட்டுக்கு 2.35 ரூபாய். 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த நூறுக்கும் 4.70 போட்டுவிடுவார்கள். அதிலேயே 235 ரூபாய் ஏறிவிட்டது. 500-க்கு மேல் 600 வரை ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8.40.

ரீடிங் எடுத்த தேதியைப் பாருங்கள். உங்கள் வீட்டில் நாளொன்றுக்கு எட்டு யூனிட் ஓடுகிறது. நான்கு நாள் தாமதமாக ரீடிங் எடுத்தாலே 32 யூனிட் சேர்ந்துவிடும். போன ரீடிங்கிலிருந்து அறுபதாவது நாளில் மீட்டரை ஃபோட்டோ எடுத்து வையுங்கள், தேதி தெரிகிற மாதிரி. தாமதத்தால் வரம்பு தாண்டியிருந்தால் அந்தப் படத்தோடு பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் பதிவு செய்யுங்கள். வாய்வார்த்தைப் புகாருக்கு மதிப்பில்லை.

ஐம்பதாவது நாளில் ஒரு முறை மீட்டரைப் பார்த்துவிடுவது நல்லது. அப்போதே 430 தாண்டியிருந்தால் கடைசிப் பத்து நாள் ஏசியைக் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும்.

பழைய சீலிங் ஃபேன்களை, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் போட்ட பணம் எப்போது திரும்பும்?
(வாசகி, பாளையங்கோட்டை)

அது உங்கள் பில்லைப் பொறுத்தது. சாதாரண ஃபேன் 75 வாட், பிஎல்டிசி முழு வேகத்தில் 30 வாட் அளவில் இழுக்கும். தினம் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட் போய் 29 ஆகும். மிச்சம் 43 யூனிட். 300 யூனிட் செலவாகும் வீட்டில் அதன் மதிப்பு சுமார் 200 ரூபாய். ஃபேன் விலை 3,000 என்றால் இரண்டரை வருடம். 520 யூனிட் வீட்டில், அந்த 43 யூனிட் உங்களை 500-க்குக் கீழே இறக்கிவிடுவதால், ஒரே பில்லில் 500 ரூபாய்க்கு மேல் மிச்சம். மொத்தமே 90 யூனிட் செலவழிக்கும் வீட்டில்? சுழியம். ஏற்கெனவே இலவசமாக வருவதில் என்ன மிச்சம் பிடிப்பது?

சிக்கனக் கருவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு அதை வாங்க நம் கட்டண அமைப்பில் எந்தத் தூண்டுதலும் இல்லை. 2011-ல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம் இல்லை. 2023 ஜனவரியில்தான் கட்டாயமானது. இனி அரசு ஃபேன் கொடுப்பதானால் ஐந்து நட்சத்திரமாகக் கொடுக்கட்டும். மிச்சமாகும் மின்சாரத்துக்கு அரசு தரும் மானியமும் மிச்சம்.

எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். படுக்கையறையில் தொடங்குங்கள். மாட்டும்போது சுவரில் உள்ள ரெகுலேட்டரைக் கட்டாயம் நீக்கிவிட்டு ஸ்விட்சிலிருந்து நேராக லைன் கொடுக்க வேண்டும். ரெகுலேட்டர் வழியாகப் போனால் உள்ளே இருக்கும் போர்டு சில மாதங்களில் போய்விடும், வாரண்டியும் கிடைக்காது. 90 யூனிட் வீட்டுக்காரர்கள் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதென்றால் முதலில் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை.

கேஸுக்குப் பதில் இண்டக்‌ஷன் அடுப்பு லாபமா?
(வாசகர், திருப்பூர்)

14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறக்குறைய 130 யூனிட் ஆகும். இப்போது 250 யூனிட் செலவழிக்கிறீர்கள் என்றால் 380 ஆகும். கூடுதல் செலவு 611 ரூபாய். 420-ல் இருப்பவர் 550-க்குப் போவார். அவருக்கு அதே சமையலுக்கு 1,159 ரூபாய். உங்கள் ஊர் சிலிண்டர் விலையை இவற்றோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பவர்கள் காபி, பால், சாதத்தை மட்டும் இண்டக்‌ஷனுக்கு மாற்றலாம்.

2,000 வாட் அடுப்பை 6 ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள். 16 ஆம்பியர் சாக்கெட், மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் வேண்டும். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் அது சூடாகும்.

உஜ்வலா இணைப்பு இருக்கிறது, மானியம் மட்டும் வரவில்லை. முழுப் பணம் கொடுத்து வாங்க முடியாமல் விறகுக்குத் திரும்பிவிட்டோம்.
(வாசகி, கள்ளக்குறிச்சி)

2016 மே 1-ல் தொடங்கிய உஜ்வலாவின் பலவீனம் இதுதான்: இணைப்பு கையில் வந்துவிடும், நிரப்பும் காசு வராது. 2022 மே மாதம் சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் வந்தது, 2023 அக்டோபரில் 300 ஆனது. 2025-26-க்கு ஆண்டுக்கு 9 சிலிண்டர் வரைதான். அதையும் முதலில் முழு விலை கொடுத்துவிட்டுப் பிறகு வங்கியில் வாங்க வேண்டும்.

மானியம் வராததற்கு முதல் காரணம் வங்கிக் கணக்கு. நீங்கள் ஏஜென்சியில் கொடுத்த கணக்குக்கு அது போகாது. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை மேப்பிங் செய்தீர்களோ அங்கே போகும். மகளிர் குழுக் கடனுக்கோ நூறு நாள் வேலைக்கோ திறந்த வேறு கணக்கில் பணம் கிடக்கலாம். வங்கியில் ‘என்பிசிஐ மேப்பிங் எந்த பேங்கில் இருக்கிறது’ என்று கேளுங்கள். ஆதார் இணையதளத்திலும் பார்க்கலாம். அடுத்தது இகேஒய்சி, அதாவது ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு: பாஸ்புக், ஆதாரோடு ஏஜென்சிக்குப் போய்க் கைரேகை வைக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் 1800 233 3555-ல் புகார் பதியுங்கள்.

மொத்தமாகப் பணம் புரட்டுவதுதான் சிக்கல் என்றால், 14.2 கிலோ சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்து 5 கிலோவாக மாற்றிக்கொள்ளலாம். எடைக்கு ஏற்ற விகிதத்தில் மானியம் உண்டு. ஏஜென்சிகள் இதைத் தானாகச் சொல்வதில்லை. கேட்டு வாங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் 180 யூனிட்தான் ஆகிறது. சோலார் போடலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

வேண்டாம். பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் நீங்கள் கட்டுவதே 188 ரூபாய். 600 யூனிட் தாண்டுகிற, சொந்த மொட்டைமாடி உள்ள வீட்டுக்கே அது கட்டுப்படியாகும்.

வெளிநாட்டில் ‘எரிபொருள் வறுமை’ என்று அரசே அளக்கிறதாமே?
(வாசகி, மதுரை)

ஆம். இங்கிலாந்தில் 2021 முதல் உள்ள அளவுகோலில் இரண்டு நிபந்தனை: வீட்டின் எரிசக்தித் தரம் ‘டி’ அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்; எரிசக்திச் செலவு போக மிஞ்சும் வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். வீட்டையும் வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். நம்மிடம் மீட்டர் காட்டும் எண் மட்டும்தான். அம்பத்தூர் வாசகியின் 720 யூனிட் மீட்டரைப் பார்த்தால் பங்களா என்றுதான் தோன்றும்.

டெலிவரி ஆகும் சிலிண்டரில் கேஸ் குறைவாக இருக்கிறதோ என்று சந்தேகம். எப்படிப் பார்ப்பது?
(வாசகர், தஞ்சாவூர்)

டெலிவரி செய்பவரிடம் தராசு இருக்க வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காலி சிலிண்டரின் எடை கைப்பிடி வளையத்துக்குக் கீழே எழுதியிருக்கும். அதோடு 14.2 கூட்டினால் வர வேண்டிய எடை. அங்கேயே பி-27 போல ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ முதல் டி வரை நான்கு காலாண்டு; பி-27 என்றால் 2027 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். தேதி கடந்திருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.